அன்லிமிடெட்டுக்கு எத்தனை ஜிபி? பிராட்பேண்ட் கணக்கு பழகுவோம்

ஸ்ரீரங்கம் கீழ அடையவளஞ்சான் வீதியில் எனக்குத் தெரிந்த வயதான தம்பதி இருக்கிறார்கள். ஒரே மகன் நியூ ஜெர்சியில். தினமும் இரவு எட்டரை மணிக்கு வீடியோ காலில் வருவார். "மாசத்துல மூணு வாரம் நன்னா வரான். கடைசி வாரம் மூஞ்சி கட்டம் கட்டமா உடையறது, குரல் விட்டு விட்டு வரது. நீங்க கம்ப்யூட்டர் தெரிஞ்சவராச்சே, கொஞ்சம் பாருங்கோ" என்றார் மாமி.

அதற்கு முன்பே இன்டர்நெட் நிறுவனத்திலிருந்து ஆள் இரண்டு முறை வந்து போயிருந்தார். முதல் முறை "லைன் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டார். இரண்டாம் முறை "ரவுட்டர் பழசு, மாத்துங்க" என்றார். மாமா 2,500 ரூபாய்க்குப் புது ரவுட்டர் வாங்கி மாட்டினார். அடுத்த மாதமும் 23ஆம் தேதி வாக்கில் முகம் உடைந்தது.

இதில் கவனிக்க வேண்டியது தேதிதான். ரவுட்டர் கெட்டுப் போனால் எல்லா நாளும் தொல்லை தரும். மாத ஆரம்பத்தில் சரியாக இருந்து, கடைசி வாரத்தில் மட்டும் படுத்தால், பில் சுழற்சியோடு சம்பந்தம் உண்டு என்று பொருள். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இதே விதி பல நிறுவனங்களில் இருக்கிறது. அவர்களது மொபைல் அப்ளிகேஷனைத் திறந்து "டேட்டா யூசேஜ்" என்ற இடத்தைப் பார்த்தேன். 3300 ஜிபிக்கு 3300 ஜிபியும் தீர்ந்திருந்தது. வேகம் 50 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக இறங்கியிருந்தது.

"அன்லிமிடெட்னு சொல்லித்தானே குடுத்தான்?" என்றார் மாமா. நியாயமான கேள்வி. அதைவிட இன்னொரு கேள்வி என்னைக் குடைந்தது. இரண்டே பேர் இருக்கும் வீட்டில் 3300 ஜிபியை யார் தின்றது?

பதில் சொல்வதற்கு முன் கணக்கின் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். தெரிந்தவர்கள் அடுத்த பகுதிக்குத் தாண்டிச் செல்லலாம்.

பிட் வேறு, பைட் வேறு

நிறுவனங்கள் வேகத்தைப் பிட்டில் சொல்கின்றன. அளவைப் பைட்டில் சொல்கின்றன. 8 பிட் சேர்ந்தது 1 பைட். 50 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 50 மெகா பிட். அதை 8ஆல் வகுத்தால் 6.25 மெகா பைட். "50 எம்பிபிஎஸ் லைன் வாங்கினேன், டவுண்லோட் விண்டோவில் 6 எம்பிதான் காட்டுகிறது, ஏமாற்றுகிறார்கள்" என்று என்னிடம் வருகிறவர்கள் ஏராளம். அவர்களை யாரும் ஏமாற்றவில்லை. பிரவுசர் பைட்டில் காட்டுகிறது, அவ்வளவுதான்.

வேகத்தை நாள் அளவாக மாற்ற ஒரு சுலபமான வழி. ஒரு நாளைக்கு 86,400 நொடிகள். 1 எம்பிபிஎஸ் வேகத்தில் நாள் முழுதும் டேட்டா ஓடினால் ஏறத்தாழ 10.8 ஜிபி. இந்த 10.8 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். 2 எம்பிபிஎஸ் என்றால் 21.6 ஜிபி. 50 எம்பிபிஎஸ் லைனை இரவு பகலாக முழு வேகத்தில் ஓடவிட்டால் ஒரு நாளைக்கு 540 ஜிபி. 3300 ஜிபி ஆறே நாளில் தீர்ந்துவிடும்.

எம்பிக்குக் காசு கொடுத்த காலம்

லிமிட் என்பது புதிதாக வந்ததல்ல. டயல் அப் காலத்தில் மணிக்கணக்கில் அளந்தார்கள். 172233 என்ற எண்ணைச் சுழற்றி சஞ்சார்நெட்டில் நுழைந்தவர்களுக்கு மோடம் கத்தும் சத்தம் இன்னும் காதில் இருக்கும். 2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை அறிவித்தது. எப்போதும் இணைப்பில் இருந்து, குறைந்தது 256 கேபிபிஎஸ் டவுண்லோட் வேகம் தந்தால் அது பிராட்பேண்ட் என்று அதில் வரையறுத்தார்கள். 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் "டேட்டாஒன்" என்ற பெயரில் டெலிபோன் கம்பியிலேயே பிராட்பேண்ட் கொடுக்க ஆரம்பித்தது. அன்றைய வீட்டுத் திட்டங்களில் மாத அளவு சில நூறு எம்பியிலிருந்து ஓரிரு ஜிபி வரைதான். தாண்டினால் எம்பிக்கு இவ்வளவு என்று பில் வரும். 

ஹோம் 500 என்ற திட்டத்தில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது. ஆகவே அந்த நாட்களில் ஸ்ரீரங்கத்தில் விடியற்காலையில் எழுந்தவர்கள் இரு வகை: விஸ்வரூப சேவைக்குப் போகிறவர்கள், டவுண்லோடை நிறுத்துகிறவர்கள். டவுண்லோட் மேனேஜரில் 2.05க்குத் தொடக்கம், 7.50க்கு முடிவு என்று நேரம் குறித்துவிட்டுப் படுக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. சரியாக 2.00க்கும் 8.00க்கும் வைக்க மாட்டோம். நம் கம்ப்யூட்டர் கடிகாரமும் அவர்கள் கடிகாரமும் ஒத்துப் போக வேண்டுமே!

2007 ஜனவரியில் ஒரு மாற்றம் வந்தது. அளவு நிர்ணயித்த திட்டங்களில் வேகத்தை 256 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ் வரை உயர்த்தினார்கள். எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 256 கேபிபிஎஸ் வேகத்தில் 1 ஜிபி இறங்க ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி எட்டு நிமிடம். முன்பு, லைன் மெதுவாக இருந்ததே ஒரு பாதுகாப்பாக இருந்தது. தவறுதலாக ஒரு பைலை இறங்கவிட்டுத் தூங்கிப் போனாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. வேகம் எட்டு மடங்கு ஆனதும் அளவு கரையும் வேகமும் எட்டு மடங்கானது. எம்பிக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக் கொண்டால்கூட, ஒரு சிடி அளவுள்ள 700 எம்பி பைலுக்கு 700 ரூபாய். பயந்தவர்கள் 256 கேபிபிஎஸ்ஸிலேயே நின்று, மாதம் 900 ரூபாய் கொடுத்து அளவில்லாத "ஹோம் யூஎல் 900" திட்டத்துக்குப் போனார்கள்.

காசிலிருந்து வேகத்துக்கு

பிறகு நிறுவனங்கள் வழியை மாற்றின. அளவைத் தாண்டினால் கூடுதல் பில் கிடையாது, வேகம் மட்டும் குறையும். இதற்கு "ஃபேர் யூசேஜ் பாலிசி" என்று பெயர். பில் பார்த்து மயங்கி விழும் ஆபத்து போனது உண்மை. ஆனால் ஒரு தொல்லையும் சேர்ந்து வந்தது. கூடுதல் பில் கண்ணில் படும். வேகக் குறைவு கண்ணில் படாது. வாடிக்கையாளர் ரவுட்டரைச் சந்தேகிப்பார், கம்ப்யூட்டரைச் சந்தேகிப்பார், மழையைச் சந்தேகிப்பார். காரணம் விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

இதைத் தொலைத் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கவனித்தது. 2012 ஜூலையில் ஒரு உத்தரவு போட்டது. அளவு எவ்வளவு, அதுவரை வேகம் என்ன, அதற்குப் பின் வேகம் என்ன என்ற மூன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அளவு தீரப் போகிறது என்று எச்சரிக்க வேண்டும். எந்த நிலையிலும் பிராட்பேண்டுக்குரிய குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே போகக் கூடாது. 2016 அக்டோபரில் இதைத் திருத்தி, 50, 90, 100 சதவீதம் ஆகும் ஒவ்வொரு முறையும் தகவல் அனுப்ப வேண்டும் என்றது. குறைந்தபட்ச வேகமும் மாறிக் கொண்டே வந்தது. 256 கேபிபிஎஸ் 2013 ஜூலையில் 512 ஆனது. 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் ஆனது.

2020 செப்டம்பரில் ஜியோஃபைபர் 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் "அன்லிமிடெட்" என்று கொடுக்க ஆரம்பித்த பிறகு போட்டி சூடுபிடித்தது. (399 என்பது விளம்பர விலை. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 470 ரூபாய் 82 காசு. விலையை ஒப்பிடும்போது எப்போதும் வரி சேர்த்தே ஒப்பிடுங்கள்.) மாதம் 3300 ஜிபி என்ற எண் இந்தக் காலத்தில்தான் பல நிறுவனங்களின் விதிமுறைப் பக்கங்களில் இடம் பிடித்தது. ஒரு நாளைக்கு 110 ஜிபி. சாதாரணக் குடும்பம் இதைத் தொடாது என்பது அவர்கள் கணக்கு. பெரும்பாலும் சரியான கணக்குதான். ஹெச்டி வீடியோ மணிக்கு 3 ஜிபி, 4கே வீடியோ மணிக்கு 7 ஜிபி என்று வைத்துக் கொள்ளலாம். டிவியில் தினம் ஆறு மணி நேரம் ஹெச்டி பார்த்தால் 18 ஜிபி. மொபைல்கள், வீடியோ கால் எல்லாம் சேர்த்தாலும் ஒரு வீட்டுக்கு 30 ஜிபியைத் தாண்டுவது அபூர்வம். மாதம் 900 ஜிபி.

திருடன் மாட்டிக் கொண்டான்

அப்படியானால் அடையவளஞ்சான் வீதியில் என்ன நடந்தது? டிவியை அணைத்தேன், மொபைல்களில் வைஃபையை நிறுத்தினேன். வீட்டில் யாரும் எதையும் பார்க்கவில்லை. ஆனாலும் ரவுட்டரின் விளக்குகள் விடாமல் மின்னிக் கொண்டிருந்தன. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் நுழைந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தேன். நான்கு கேமராக்கள்.

வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, கொல்லைப்புறத்தில் ஒன்று. அப்பா அம்மா தனியாக இருக்கிறார்களே என்று மகன் ஊருக்கு வந்தபோது மாட்டிவிட்டுப் போனவை. நல்ல எண்ணம்தான். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இப்படிக் கேமரா வைத்த வீடுகள் நிறைய. ஆனால் இந்த நான்கும் 24 மணி நேரமும் படத்தை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும்படி செட் செய்யப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் 3 எம்பிபிஎஸ். நான்குக்கும் 12. நம் 10.8 எண்ணால் பெருக்கினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 130 ஜிபி. வீட்டு உபயோகம் 20 ஜிபி சேர்த்தால் 150. 3300ஐ 150ஆல் வகுத்தால் 22. இருபத்திரண்டு நாள்! 23ஆம் தேதி முகம் உடைந்த மர்மம் இதுதான்.

பலர் தெரிந்து கொள்ளாத விஷயம் இது. பெரும்பாலான திட்டங்களில் அளவு என்பது டவுண்லோட், அப்லோட் இரண்டும் சேர்ந்தது. நாம் பார்ப்பது மட்டும் கணக்கு என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். அனுப்புவதும் கணக்கு.

அதைவிட மோசம் அதன் பின்னால் நடப்பது. லைன் 2 எம்பிபிஎஸ்ஸாக இறங்கியதும், 12 எம்பிபிஎஸ் கேட்கும் கேமராக்கள் அந்த 2ஐயும் முழுதாக எடுத்துக் கொள்கின்றன. மாமி பேசும் வீடியோ காலுக்கு மிச்சம் எதுவும் இல்லை. பெற்றோரைப் பார்க்க வேண்டும் என்று மகன் மாட்டிய கேமராதான் பெற்றோர் மகனைப் பார்க்க முடியாமல் செய்தது.

சரி செய்ய அரை மணி நேரம்தான் ஆனது. கேமரா அப்ளிகேஷனில் "தொடர் பதிவு" என்பதை நீக்கி, "அசைவு இருந்தால் மட்டும்" என்று மாற்றினேன். தொடர் பதிவு வேண்டும் என்றால் கேமராவுக்குள்ளேயே மெமரி கார்ட் போடலாம்; அப்போது படம் வீட்டை விட்டு வெளியே போகாது. மகன் பார்க்க விரும்பும்போது மட்டும் டேட்டா செலவாகும். கொல்லைப்புறக் கேமராவில் தென்னை ஓலை ஆடினாலே அசைவு என்று பதிவு செய்து கொண்டிருந்தது. கவனிக்க வேண்டிய பகுதியைக் கொல்லைக் கதவு மட்டும் தெரியும்படி குறுக்கினேன்.

அடுத்து, எச்சரிக்கைச் செய்தி ஏன் வரவில்லை? வந்திருக்கிறது. இணைப்பு வாங்கும்போது மகன் தன்னுடைய பழைய இந்திய எண்ணைக் கொடுத்திருந்தார். அந்த சிம் எப்போதோ காலாவதி ஆகிவிட்டது. உங்கள் வீட்டு இணைப்பு யார் எண்ணில் பதிவாகி இருக்கிறது என்று இன்றே பாருங்கள். வீட்டில் இருப்பவர் எண்ணாக அது இருக்க வேண்டும்.

லைனா, வைஃபையா?

உங்கள் பிரச்னை தேதி பார்த்து வராமல் எப்போதும் இருந்தால், அளவைச் சந்தேகிக்க வேண்டாம். முதலில் லைனையும் வைஃபையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். லேப்டாப்பை லேன் கேபிள் மூலம் நேராக ரவுட்டரில் இணைத்து ஸ்பீட் டெஸ்ட் செய்யுங்கள். மற்ற கருவிகளை நிறுத்திவிடுங்கள். காலை 6 மணிக்கு ஒன்று, இரவு 9 மணிக்கு ஒன்று, மூன்று நாள். கேபிளில் நன்றாக வந்து வைஃபையில் வராவிட்டால் தவறு வீட்டுக்குள். கேபிளிலும் இரவில் மட்டும் குறைந்தால் தவறு வெளியே. ஃபைபரில் ஒரே இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் டிவி போடும்போது எங்கேயாவது நெரிசல் வரும்.

வீட்டுக்குள் தவறு என்றால், ஸ்ரீரங்கத்து வீடுகளுக்கென்றே ஒரு காரணம் உண்டு. பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளமாக ஓடுபவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை. கேபிள் தெருவிலிருந்து வருவதால், மாட்ட வருகிறவர் ரேழியிலேயே ரவுட்டரை ஆணியடித்துவிட்டுப் போய்விடுவார். பையன் படிப்பது பின்கட்டில். நடுவில் ஒன்றரை அடி செங்கல் சுவர்கள் இரண்டு மூன்று. வைஃபை பாவம் என்ன செய்யும்? 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. புது இணைப்பு வாங்கும்போதே, ஃபைபரைக் கூடம் வரை இழுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கூடுதல் கேபிளுக்குக் கொஞ்சம் பணம் கேட்டாலும் கொடுக்கலாம். மாமா வாங்கிய 2,500 ரூபாய் ரவுட்டர் வீணாகவில்லை. பழைய ரவுட்டரை லேன் கேபிளில் இணைத்துப் பின்கட்டில் வைத்துவிட்டோம். அடுக்களையிலும் இப்போது யூடியூப் சமையல் ஓடுகிறது.

டெலிபோன் கம்பிக் காலத்தில் எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் அதிகமானால் வேகம் குறையும். மழை பெய்தால் இணைப்பு மூட்டுகளில் ஈரம் இறங்கும். ஃபைபரில் அந்தத் தொல்லைகள் இல்லை. அதற்குப் பதில் குழி தோண்டுபவர்கள் இருக்கிறார்கள். ஃபைபர் பெட்டியில் "எல்ஓஎஸ்" என்று போட்ட விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை என்று அர்த்தம்; கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது. அப்போது பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. போனில் "ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்று சொல்லும்போது, சிவப்பு விளக்கு மின்னுகிறது என்று முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். பத்து நிமிடம் மிச்சம்.

புகார் செய்யும் முறை

போனில் பேசிக் கத்துவதால் எதுவும் பதிவாகாது. டிராயின் 2012ஆம் ஆண்டு புகார் விதிகளின்படி ஒவ்வொரு புகாருக்கும் ஒரு டாக்கெட் எண் தர வேண்டும். அதை வாங்காமல் போனை வைக்காதீர்கள். லைன் ஆள் நம்பருக்குத் தெரிந்த பழக்கத்தில் போன் செய்து "கொஞ்சம் பாருப்பா" என்று சொல்வது வேலையை முடிக்கலாம். ஆனால் ஒன்பது நாள் இணைப்பு இல்லாமல் கிடந்தால், அதற்கு வாடகையைக் கழிக்கக் கேட்கும்போது உங்களிடம் ஆதாரம் இருக்காது. நான் அப்படி ஒரு முறை இழந்திருக்கிறேன்.

புகாருக்குத் தீர்வு திருப்தி இல்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாட்களுக்குள் எழுதலாம், கட்டணம் இல்லை. 39 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்கே எழுதுகிறேன் என்று சிலர் கிளம்புவார்கள். டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. தெருவில் கேபிள் டிவிக்காரர் மூலம் இணைப்பு வாங்கியவர்கள், உரிமம் பெற்ற நிறுவனம் எது என்று பில்லில் பார்த்துக் கொள்ளுங்கள். புகார் அந்தப் பெயரில் போக வேண்டும்.

அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசித் தகராறுகளை நுகர்வோர் மன்றம் எடுக்க முடியாது என்று 2009இல் வந்த ஒரு தீர்ப்பால் பல ஆண்டுகள் இந்தக் கதவு மூடிக் கிடந்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தொலைத் தொடர்பையும் "சேவை" என்று பெயர் சொல்லிச் சேர்த்தது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் நுகர்வோர் மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. திருச்சியில் மாவட்ட ஆணையம் இருக்கிறது. நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. அங்கே போகும் அளவுக்கு வராமலே பெரும்பாலான புகார்கள் தீர்ந்துவிடும். மேல்முறையீடு என்ற சொல்லுக்கே ஒரு மரியாதை உண்டு.

எந்தப் படிக்குப் போனாலும் ஆதாரம் மூன்று. டாக்கெட் எண்களும் தேதிகளும். லேன் கேபிளில் எடுத்த ஸ்பீட் டெஸ்ட் படங்கள். நீங்கள் இணைப்பு வாங்கிய நாளில் நிறுவனத்தின் இணைய தளத்தில் இருந்த திட்ட விவரம். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். திட்டங்கள் மாறிக் கொண்டே இருக்கும், பழைய பக்கம் காணாமல் போய்விடும். பணம் கட்டும் நாளிலேயே அந்தப் பக்கத்தை, அடியில் உள்ள பொடி எழுத்தோடு, பிரிண்ட் கொடுக்கும் இடத்தில் பிடிஎஃப்பாக சேவ் செய்து வைத்துக் கொள்ளுங்கள்.